நாற்பத்தாறு வீட்டு மடிப்பு

மேல்பாறை எஸ்டேட்டில் மூடுபனி இறங்கிய முதல் நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டாம் நாள் முணுமுணுத்தார்கள், ஐந்தாம் நாள் புனிதர் பெலவேந்திரர் கோயிலில் ஒரு பூசை வைத்தார்கள், பதினோராம் நாள் இது கிளம்புகிற விருந்தாளி இல்லை என்று ஒத்துக்கொண்டு அதற்குத் தக்கபடி பிழைக்க ஆரம்பித்தார்கள். பனியின் உயரம் ஐந்தே முக்கால் அடி, அதற்கு மேல் ஒரு விரல்கடை கூடக் கிடையாது. தையல்கார முகைதீன் பாய் தன் டேப்பை வைத்து ஏழு இடங்களில் அளந்து சொன்ன கணக்கு இது. மேட்டுக்குப் போனாலும் ஐந்தே முக்கால், பள்ளத்தில் இறங்கினாலும் ஐந்தே முக்கால், ஸ்டூல் போட்டு ஏறினால் பனியும் கூடவே ஸ்டூல் மேல் ஏறிக்கொண்டது, ஒருவன் தோளில் இன்னொருவன் உட்கார்ந்தால் உட்கார்ந்தவன் தலைக்கு மேலும் போய் நின்றது. அவரவர் சொந்த உயரத்தைத் தவிர வேறெதையும் அந்தப் பனி மதிக்கவில்லை.

பனிக்குள் ஒரு சாண் தூரம்தான் பார்வை, ஒரு கை நீளம்தான் குரல். அதற்கு அப்பால் கத்தினாலும் பஞ்சு மூட்டையில் குத்திய மாதிரிதான். விளக்கு ஏற்றினால் வெளிச்சம் திரியோடு நின்றுவிடும், போனை எடுத்தால் பால் பொங்குகிற சத்தம் கேட்கும். ஆகவே நாற்பத்தாறு வீட்டுக்காரர்களும் வாசலில் ஆளுக்கொரு பொருளைத் தொங்கவிட்டார்கள், ஒரு வீட்டில் கரண்டி, ஒரு வீட்டில் சைக்கிள் செயின், ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மூங்கில் சட்டம், தடவிப் பார்த்து வீடு கண்டுபிடித்தார்கள். சண்டை போட வேண்டுமானால் கையைப் பிடித்துக்கொண்டுதான் போட வேண்டியிருந்தது என்பதால் சண்டைகள் பாதியில் நின்றன. கண்ணை நம்பாமல் விரலை நம்பிப் பறித்ததில் தேயிலைக் கொழுந்து முன்னெப்போதையும்விடச் சுத்தமாக வந்தது, கொண்டுபோகத்தான் லாரி இல்லை. காதலர்கள் என்ன செய்தார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை, அது பனிக்கும் அவர்களுக்கும் தெரியும்.

எஸ்டேட்டில் ஒரே ஒரு தலைதான் பனிக்கு மேலே இருந்தது, அது பிலோமினாவுடையது. ஆறரை அடி உயரம். கொழுந்து பறிக்கிற பெண்களின் வரிசையில் நின்றால் பாதிச் செடி அவள் முழங்காலுக்குக் கீழே இருக்கும். பக்கத்து வீட்டுச் செங்கமலம் அவளைப் பதினைந்து வருஷமாக ஒட்டடைக்கம்பு என்றுதான் கூப்பிட்டாள். குட்டையான ஒரு நல்ல மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட, சலேத்து என்கிற ஒன்பது வயது மகளோடு அவள் தனியாக இருந்தாள். பனி வந்த பிறகு அதே ஜனங்கள் அவளைக் காலையில் ஆள் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அங்கே நின்று, சில்வர் ஓக் மரங்களின் உச்சியை வைத்துத் திசை பார்த்து, கையைப் பிடித்து நிற்கிறவரிடம் சொல்வாள், அவர் அடுத்தவரிடம் சொல்வார். அவளுக்கு வெயில் கிடைத்தது, வானம் கிடைத்தது. மகள் முகம் மட்டும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவள் வீடு திரும்பும்போது இருட்டிவிடும், விளக்கு உதவாது, விரலால் தடவித்தான் முகம் பார்ப்பாள்.

பதினெட்டாம் நாள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் பெரட்டுக்களத்துக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிலோமினா, பாப்பாவுக்கு இன்சுலின் ஏழு நாளைக்குத்தான் வரும்மா. நேத்துலேர்ந்து பாதி பாதியாத்தான் போடறேன். பாதி போட்டாத்தான் ஏழு நாள்."

சலேத்துக்கு ஆறு வயதிலிருந்து சர்க்கரை. ஊசி நின்றால் இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள். மலையடிவாரச் செக்போஸ்டில் பனி சுவர் மாதிரி முடிகிறது என்பதும், அங்கே ஆம்புலன்ஸ் ஒன்று மேலே வர முடியாமல் நிற்கிறது என்பதும் பனி இறங்கிய மூன்றாம் நாள் கேட்ட கடைசி போன் பேச்சிலேயே தெரிந்திருந்தது. கீழிருந்து ஏறி வந்தவர்கள் ஒரு மணி நேரம் நடந்து புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்களாம். செக்போஸ்டுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை.

மறுநாளே பிலோமினா மகளை முதுகில் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினாள். ரோட்டின் இரு பக்கமும் நிற்கிற மரங்களின் தலை அவளுக்குத் தெரிந்தது, தன் கால் தெரியவில்லை. முதல் வளைவில் மதகுக்குள் ஒரு கால் போய், மகளைக் காப்பாற்ற முழங்கையை ஊன்றி, தோல் உரிந்து, தவழ்ந்து திரும்பி வந்தாள். அடுத்த நாள் பத்து ஆம்பிளைகள் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு அவளோடு போனார்கள். யார் இழுக்கிறார்கள், எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று தெரியாமல் ஒருவன் சாக்கடையில் விழ பத்துப் பேரும் விழுந்து, ஒருவனுக்குக் கால் முறிந்தது. அதற்கடுத்த நாள் பெண்கள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தரையைத் தடவிப் போனார்கள். மூன்றாவது இழுப்பில் சேலை கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு மானத்தைக் காத்தது பனிதான்.

இன்னும் நான்கு நாள்.

அப்போதுதான் பேண்டு மாஸ்டர் இன்னாசி வாயைத் திறந்தார். எந்தக் காலத்திலோ இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் ஊர் ஞாபகத்தில் எஸ்டேட் ஆட்களுக்குத் தோல்பையில் காற்றடைத்து வாசிக்கிற பேக்பைப் ஊதக் கற்றுக்கொடுத்து, இடுப்புக்குக் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடையான கில்ட்டும் கட்டிவிட்டுப் போயிருந்தார். துரை போனார், எஸ்டேட் கைமாறியது, பெலவேந்திரர் திருநாளுக்குப் பேண்டு மட்டும் நிற்கவில்லை. கோயில் மணியைத் தவிரப் பனியைத் துளைத்துக்கொண்டு போகிற சத்தம் அந்தத் தோல்பையிலிருந்து வருவது ஒன்றுதான் என்று இன்னாசி தன் வீட்டிலேயே ஊதிப் பார்த்திருந்தார். பிலோமினாவின் அப்பா அந்தப் பேண்டில் ஊதியவர், அவருக்கு இளைப்பு வந்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பைக்குக் காற்று நிரப்பி ஊதிப் பழகியது அவள்தான், மெட்டுகள் அவள் விரலில் இருந்தன.

"நீ முன்னால ஊதிட்டுப் போ. நேர்ரோடுன்னா பவனிப் பாட்டு. இடது வளைவுன்னா சாவுப் பாட்டு, வலது வளைவுன்னா கல்யாணப் பாட்டு. இந்த மூணும் நம்ம ஜனத்துக்குத் தூக்கத்துலயும் தெரியும்" என்றார் இன்னாசி. பிலோமினா கையை நீட்டினாள். அவர் பையைத் தரவில்லை. "ஆனா கில்ட்டு கட்டாம அதத் தொடக்கூடாது. பெலவேந்திரர் முன்னால சத்தியம் பண்ணி வாங்கினது."

"மாஸ்டர், புள்ள சாகக் கெடக்கு. இதுல பாவாடையா முக்கியம்?" என்றாள் பிலோமினா.

அவர் பிடியை விடவில்லை. அப்போது இருவர் கையையும் சேர்த்துப் பிடித்திருந்த முகைதீன் பாய் குறுக்கே வந்தார். "மாஸ்டர் சொல்றது கிறுக்குத்தனம்தான் தாயி. ஆனா யோசிச்சுப் பாரு. ஊதறப்ப ஒனக்கு ரெண்டு கையும் காலி இல்ல. சேல அவுந்து போச்சு. கயிறுல எல்லாருக்கும் ஒரே இழுப்பு. கில்ட்டு அப்பிடி இல்ல, இடுப்புல வார் போட்டு இறுக்கறது, பின்னாடி பூரா மடிப்பு. மடிப்புக்கு ஒரு ஆளு புடிச்சா, எந்தப் பக்கத்து மடிப்பு இழுபடுதுன்னு ஒன் இடுப்புக்குத் தெரியும்ல?"

நல்ல யோசனைகள் இப்படித்தான், கிறுக்குத்தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வரும். எல்லோரும் கில்ட் தேட ஆரம்பித்தார்கள்.

பேண்டு அறைப் பெட்டியில் ஏழு கில்ட்டுகள் இருந்தன. ஏழும் ஐந்தரை அடி ஆம்பிளைக்குத் தைத்தவை, பிலோமினாவுக்குக் கட்டினால் தொடையில் பாதிக்கு வந்து நின்றன, மடிப்பைப் பிடிக்க வேண்டுமானால் அவள் இடுப்புக்கு எட்டிக் குதிக்க வேண்டும். வடக்கே பேண்டு சாமான் செய்கிற ஊரிலிருந்து வந்த விலைப்பட்டியல் ஒன்று இன்னாசியிடம் இருந்தது. மூக்கில் ஒட்டிவைத்துப் படித்ததில், ஆறடிக்கு மேல் ஒவ்வொரு இன்ச்சுக்கும் தனி விலை, ஒரு கில்ட் நான்கு மாதச் சம்பளம். வாங்க வழியிருந்தாலும் வந்து சேர வழியில்லை. சொசைட்டிக் கடையில் கட்டம் போட்ட லுங்கிகள் மலிவாக இருந்தன. பாய் ஆறு லுங்கியை ஒட்டித் தைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார், வெளியே வந்த கால் மணி நேரத்தில் பனி குடித்து மடிப்பெல்லாம் கலைந்து ஈரத் துணியாகக் காலைச் சுற்றிக்கொண்டது. ஒரு நாள் போனது.

இன்னும் மூன்று நாள். பருத்தி நிற்காது, கம்பளிதான் நிற்கும் என்றார் பாய்.

எஸ்டேட்டில் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். மழைக்கு அதுதான் குடை, குளிருக்கு அதுதான் வீடு. மாறிப் போகாமலிருக்க அவரவர் மூலையில் கலர் நூலால் ஒரு அடையாளம் தைத்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒரு சாண் அகலம் வெட்டிக் கொடுத்தால் ஆறரை அடி மனுஷிக்குக் கில்ட் ஆகும் என்று கணக்குச் சொன்னார் பாய். கேட்கிறவர்களுக்கு ஒரு சாண் அற்பம். கொடுக்கிறவர்களுக்கோ, போர்த்தினால் முதுகிலோ காலிலோ ஒரு சாண் அகலத்துக்குக் குளிர் படுத்துக்கொள்ளும், இந்தப் பனி எத்தனை நாளைக்கென்று யாருக்குத் தெரியும். ஆனாலும் மணி அடித்துச் செய்தி சொன்ன அன்று மத்தியானத்துக்குள் நாற்பத்தைந்து வீட்டுத் துண்டுகள் கோயிலுக்கு வந்து சேர்ந்தன. வராதது செங்கமலத்தினுடையது.

"எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு. ஒரு சாண் குளிர நான் எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டாள் அவள். அதில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கில்ட்டுக்கு அளவு எடுப்பதற்குப் பேண்டில் ஒரே ஒரு முறைதான் உண்டு. கட்டப்போகிறவர் முட்டி போட வேண்டும், துணியின் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மத்தியான வெளிச்சத்தில், பலிபீடத்துக்கு முன்னால் இருந்த முதல் பெஞ்சில், பிலோமினா முட்டி போட்டாள். அவள் தலை பனிக்குள் இறங்கியது. பக்கத்தில் யாரோ முட்டி போடுகிறார்கள் என்று கையால் தெரிந்துகொண்ட ஜனங்கள், கோயிலாயிற்றே, என்னவோ ஏதோ என்று தாங்களும் முட்டி போட்டு, ஒருவர் ஆரம்பிக்க இன்னொருவர் தொடர, ஜெபமாலை ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடித்த பிறகுதான் எழுந்தார்கள். பாய் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பிலோமினா மகளைப் பார்த்தாள். பக்கத்துப் பெஞ்சில் படுத்திருந்த சலேத்து ஒரு சாண் தூரத்தில் இருந்தாள். கன்னம் உள்ளே போய், உதடு வெடித்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. விரல் இத்தனை நாளும் அவளிடம் பொய் சொல்லியிருந்தது.

"அம்மா, நீ குட்டையாயிட்டியா?" என்றது குழந்தை.

பிலோமினா குழந்தையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து அழுதாள். செங்கமலம் அந்தக் கோயில்காரி இல்லை, எல்லோரும் முட்டி போட்டதால் அவளும் போட்டிருந்தாள், அது அந்தப் பெஞ்சின் மறுபக்கமாக அமைந்தது. குழந்தையின் முகத்தை அவளும் ஒரு சாண் தூரத்தில் பார்த்தாள். எழுந்து போய்த் திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் நூல் தைத்த கம்பளித் துண்டு இருந்தது.

"ஒட்டடைக்கம்புக்காக இல்ல. புள்ளைக்கு" என்று பாயிடம் கொடுத்தாள்.

பாய் அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் தைத்தார். முடிந்த கில்ட்டைக் கட்டிப் பார்த்த இன்னாசி தலையில் கை வைத்துக்கொண்டார். முட்டிக்கு நடுவில் நிற்க வேண்டியது ஆறு இன்ச் இறங்கிக் கெண்டைக்காலில் தொங்கியது. கோயிலில் வேறெங்கே முட்டி போடுவாள், பெஞ்சோடு சேர்ந்த முட்டுப்பலகையில்தான் போட்டிருந்தாள். முட்டி பலகை மேல், பாயின் டேப் தரை வரைக்கும். பாய் மசூதிக்குப் போகிறவர், முட்டுப்பலகை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

"இது கில்ட்டு இல்ல, பள்ளிக்கூடத்துப் பாவாட. ஆறு இன்ச் வெட்டணும்" என்றார் இன்னாசி.

"வெட்டி, மடிச்சு, தைக்க இன்னொரு நாள் ஆகும் மாஸ்டர்."

கம்பவுண்டர் காலையில் கடைசி ஊசியைப் போட்டிருந்தார். இன்னாசி கில்ட்டின் விளிம்பை ஒரு சுற்று தடவிப் பார்த்தார். பிறகு பெலவேந்திரர் சொரூபம் இருந்த திசையில் திரும்பி ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டு, தோல்பையைப் பிலோமினாவின் தோளில் மாட்டினார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்கு ஒருவராக நாற்பத்தாறு பேர் புறப்பட்டார்கள். வெளியே நின்றவர்கள் யாரும் இல்லை என்பதால் அந்தக் காட்சியைப் பார்த்தவர் யாரும் இல்லை, நான் சொல்வதை நம்ப வேண்டியதுதான். பிலோமினாவின் தலையும் பைக்குழல்களின் நுனியும் பனிக்கு மேலே, கறுப்புக் கில்ட் பனிக்குள்ளே, அதன் மடிப்புகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு ஜனங்கள். அவரவர் மூலை நூலைத் தடவி அவரவர் வீட்டு மடிப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். ரோட்டின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறவர்கள் தவழ்ந்தார்கள். இடது ஓரத்தில் தவழ்ந்தது இன்னாசி. இந்த வயதில் நீங்கள் போகவேண்டாமே என்றதற்கு, கில்ட் அளவு தப்பாகப் போகும்போது மாஸ்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தவழ்கிறவர் கைக்குக் கில்ட்டின் விளிம்பு எட்டியது அந்த ஆறு இன்ச்சால்தான் என்பதை அவர் கவனித்தார், வாயால் சொல்லவில்லை.

சலேத்தைச் செங்கமலம் முதுகில் கட்டிக்கொண்டாள். நேர்பின்னால் இருந்த மடிப்பு பிலோமினாவின் சொந்தக் கம்பளி, சிவப்பு நூல் தைத்தது. அதைக் குழந்தையின் கையில் கொடுத்தார்கள்.

"ஒவ்வொரு வளைவு முடிஞ்சதும் ஒரு தடவ இழு கண்ணு. நீ இழுத்தா எனக்குத் தைரியம். அம்மாவால திரும்பிப் பாக்க முடியாது, ஊதறத நிறுத்த முடியாது" என்றாள் பிலோமினா.

"நிறுத்தினா என்னாகும்?"

"எல்லாரும் தப்பாக் கால் வெப்பாங்க."

முதல் வளைவு இடது. சாவுப் பாட்டு. நாற்பத்தாறு பேரும் அந்த மெட்டில் இடப்பக்கம் சாய்ந்து திரும்பினார்கள், திரும்பி முடிந்ததும் பின்மடிப்பில் ஒரு சின்ன இழுப்பு. இரண்டாவது வலது, கல்யாணப் பாட்டு, இழுப்பு. இப்படி ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்று மலை இறங்கினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டும் தங்களை அறியாமல் தோளை ஆட்டிக்கொண்டும். ஆறாவது வளைவில் வெயில் அவள் நெற்றியில் சுட்டது, இடுப்புக்குக் கீழே குளிர் வெட்டியது. எட்டாவதில் இழுப்பு வந்தது, ஆனால் மெலிந்து, ஒரு குருவி உட்கார்ந்து எழுந்த மாதிரி.

ஒன்பதாவது வளைவில் மரங்கள் இரண்டு வரிசையாக அழகாக நின்றன. ரோடு இருக்கிறது என்றுதான் அவள் கண் சொன்னது. அவள் சாவுப் பாட்டை எடுத்துக் காலை வீசினாள். இன்னாசியின் கை முன்னால் போய்த் தரையைத் தேடியது, தரை இல்லை. தடுப்புச் சுவர் இடிந்து ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவர் இரண்டு கையாலும் கில்ட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி இழுத்தார், பக்கத்து மடிப்பு இழுபட்டதும் அடுத்தவர் இழுத்தார், வலப்பக்கம் மொத்தமும் இழுத்தது. பிலோமினா ஒற்றைக் காலில் நின்றாள். துணி கிழிகிற சத்தம் வந்தது. ஒரு நொடி. பிறகு கால் பின்னால் வந்து தரையில் ஊன்றியது. பையில் மிச்சக் காற்று இருந்தது, பாட்டு அறுபடவில்லை. பாறைப் பக்கமாக ஒட்டி, ஓரடி ஓரடியாக அந்த வளைவைக் கடந்தார்கள்.

பின்மடிப்பில் இழுப்பு வரவில்லை.

பயத்தில் மறந்திருப்பாள் என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள். பத்தாவது வளைவு வலது. கல்யாணப் பாட்டை முழுதாக ஊதி முடித்துக் காத்திருந்தாள். வரவில்லை. செங்கமலத்தைக் கேட்கலாம், கேட்க வாயை எடுக்க வேண்டும். வாயை எடுத்தால் ஒரு பக்கம் ஒன்றுமில்லாத ரோட்டில் நாற்பத்தாறு வீடு நிற்கிறது. மகள் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள ஒரு மூச்சு போதும், அந்த ஒரு மூச்சு அவளிடம் இல்லை.

பதினொன்றாவது இடது. தன் மகளுக்காகவே ஊதுகிறோம் என்று நினைத்துக்கொண்டே அவள் சாவுப் பாட்டை எடுத்தாள். அதுவரை அந்தப் பேண்டில் யாரும் அப்படி ஊதியதில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மடிப்பைப் பிடித்திருந்தவர்கள் விம்மினார்கள், யாருக்காக என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் தாடையில் கண்ணீர் இறங்கிப் பனிக்குள் சொட்டியது. இழுப்பு வரவில்லை. பன்னிரண்டாவதில் கல்யாணப் பாட்டு வேண்டும். ஊதினாள். அதற்கு மேல் ஒரு தாயிடம் எதையும் கேட்க முடியாது, அதைக் கேட்டது அந்த ரோடு.

செக்போஸ்டில் நின்றவர்கள் முதலில் பார்த்தது வெள்ளைச் சுவருக்கு மேல் மிதந்து வந்த ஒரு தலையை. பிறகு சுவர் அவளைத் துப்பியது. அவளுக்குப் பின்னால் கிழிந்த கம்பளியைப் பிடித்துக்கொண்டு, முட்டியில் ரத்தத்தோடு, வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். நாற்பத்தாறாவது ஆள் வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் பிலோமினா குழலிலிருந்து வாயை எடுத்தாள். எடுத்துத் திரும்பினாள்.

கில்ட்டின் நேர்பின்னால் ஒரு மடிப்பு இல்லை. அங்கே ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து கிடந்தது.

செங்கமலத்தின் முதுகில் சலேத்து கண்ணை மூடியிருந்தாள். செங்கமலம் அழுதுகொண்டிருந்தாள். "கத்திக் கத்திப் பாத்தேன்டி பிலோமி. ஒனக்குக் கேக்கல. ஒம்பதாவதுலயே கிழிஞ்சு வந்திருச்சு."

பிலோமினா முட்டி போட்டாள், இந்தத் தடவை தார் ரோட்டில். குழந்தையின் மூடிய கையில் சிவப்பு நூல் தைத்த கம்பளித் துண்டு இருந்தது. ஆம்புலன்ஸ் நர்ஸ் ஓடி வந்து நாடி பிடித்து, விரலைக் குத்திப் பார்த்து, ஊசியைப் போட்டு, சலைன் ஏற்றி, "மூச்சு இருக்கு, நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றாள். வண்டியில் ஏற்றியபோது துண்டை எடுக்கப் பார்த்தார்கள். கை விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சலேத்து கண் திறந்தாள். அம்மா முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"பன்னெண்டு தடவையும் இழுத்தேன்மா" என்றாள். "நீ நல்லா ஊதினே."